ஒட்டுப் போட்ட பக்கம்

மீன் தொட்டியில் பக்கெட்டை இடித்தது அப்பாதான். நான் பார்ப்பதற்கு முன்பே அவரே வந்து சொல்லியும் விட்டார். எனக்கு அதுதான் எரிச்சல். மறைத்திருந்தால் ஒரு மாதமாவது சண்டை போட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை. விழுப்புரம் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரு கையில் தோசை, இன்னொரு கையில் சீப்பு என்று நின்றிருந்தேன். அப்பா பின்வாசல் நடையிலிருந்து வந்து, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார். "பக்கெட்டு தொட்டியில பட்டுடுச்சி. நான்தான் இடிச்சேன். கண்ணாடி விரிசல் உட்டிருக்குது."

தோசையைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் பின்னாலேயே வந்தார். முன்பு சொன்ன அதே குரலில், ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல், மிச்சத்தையும் சொன்னார்.

"இதோட போதும்மா. மீனுங்கள ஏரியில உட்டுடலாம்."

தொட்டி இரண்டடி நீளம். பின்வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள நடையில் இரும்பு ஸ்டாண்டின் மேல் இருந்தது. முன்பக்கக் கண்ணாடியில் வலது ஓரமாக, பாதி உயரத்தில், எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலைப் பருப்பு அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. அதிலிருந்து முடி மாதிரி ஒரு கோடு கிளம்பி, இரண்டு விரற்கடை மேலே ஏறி, யோசித்து நின்றுவிட்டதுபோல நின்றிருந்தது. ஒழுகவில்லை. கோட்டின் மேல் விரல் வைத்தால் மட்டும் ஈரம் ஒட்டியது. உள்ளே மீன்கள் சாப்பாடு வந்துவிட்டது என்று நினைத்து என் விரலை நோக்கி ஓடி வந்தன.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். நாங்கள் தமிழ்ச் சமணர்கள். செஞ்சிப் பக்கம் பூர்வீக நிலம், திண்டிவனத்தில் வீடு, அப்பாவுக்கு மல்லாட்டை வியாபாரம். பொழுது சாய்ந்த பிறகு வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு எதுவும் வாசற்படி தாண்டி வந்ததில்லை. கடையில் எது வாங்கினாலும் அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பாக்கெட்டின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை முழுதாகப் படித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். பிஸ்கட்டில் முட்டை, சாக்லேட்டில் ஜெலட்டின், எது ஒளிந்திருந்தாலும் பிடித்துவிடுவார். தண்ணீரைக்கூடத் துணியில் வடிகட்டாமல் குடிப்பதில்லை. தினமும் காலையில் கிணற்றில் இறைத்து, வடிகட்டி, எவர்சில்வர் பக்கெட்டில் அவரேதான் சமையலறைக்குக் கொண்டுவருவார். வழியில்தான் என் தொட்டி.

இப்படிப்பட்ட வீட்டுக்குள் மீன் தொட்டி எப்படி வந்தது என்று எல்லாரும் கேட்டார்கள். விழுப்புரத்தில் என்னோடு பி.எட். படித்தவள் கல்யாணமாகி பெங்களூருக்குப் போனாள். போகும்போது தொட்டியையும் ஆறு கப்பி மீன்களையும் என்னிடம் தள்ளிவிட்டுப் போனாள். ஒரு மாதத்தில் யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். இரண்டு வருடம் ஆகிவிட்டது. கப்பி முட்டை போடாது, நேராகக் குட்டி போடும். அதுவும் நிறுத்தாமல் போடும். வந்த ஆறும் எப்போதோ வயதாகிப் போய்ச் சேர்ந்துவிட்டன. இப்போது நீந்துவது எல்லாம் அவற்றின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

வீடு அதைச் சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை. மீன் தீனி டப்பாவின் பின்பக்கத்தை அப்பா படித்தார். மீன் தூள் என்று இருந்தது. மீனுக்கு மீனையே போடுகிறாயா என்று கேட்டுவிட்டு டப்பாவை வெளியே வைத்தார். அன்றிலிருந்து வேகவைத்த பச்சைப் பட்டாணியை நசுக்கிப் போடுகிறேன். மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பைருலினா மாத்திரையைப் பொடித்துத் தூவுகிறேன். கப்பிகளுக்குப் பிடித்துவிட்டது. ஒரு தாய் மீன் தான் பெற்றதையே விழுங்குவதை அம்மா பார்த்தாள். அன்று முழுக்க அந்த மீனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அதற்கு முன்னால் பேசிக்கொண்டுதான் இருந்தாள். குட்டிகள் ஒளிந்துகொள்ள நான் பாசி வாங்கி வந்து போட்ட பிறகுதான் சமாதானம். இன்னொன்று: மீன்களுக்கும் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அப்படியே பழகிவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை நடையில் நின்று கத்தினேன். ஏரியில் விரால் இருக்கிறது, ஐந்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் முழுங்கிவிடும் என்றேன்.

"அடைச்சி வெக்கறது நம்ம வினை," என்றார் அப்பா. "அங்க போயி இன்னா ஆவுதோ, அது அதோட வினை."

விரிசலைச் சரிபண்ணிவிடுவேன் என்றேன். கண்ணாடி ஒட்டாது என்றார். ஒட்டும் என்றேன். அப்போதுதான் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, எனக்கு ஆதரவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னாள். "ரெண்டு நாளு டைம் குடுங்களேன். எப்பிடியும் அவளே உட்டுடப்போறா. எதுலதான் இவ ரெண்டு நாளைக்கு மேல நின்னிருக்கறா?"

கீபோர்டு வகுப்பு நாலு மாதம். இந்தி பரீட்சை இரண்டோடு நின்றது. தபாலில் சேர்ந்த எம்.எஸ்சி. புத்தகங்கள் பரண்மேல். அம்மா ஒன்றையும் பொய்யாகச் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தொட்டி இரண்டு வருடம். இந்த வீட்டில் நான் ஆரம்பித்து, நான் விடாமல் வைத்திருந்தது இது ஒன்றுதான். அதையும் பட்டியலில் சேர்க்கப் பார்க்கிறார்கள் என்று தோன்றியதும் காது சூடாகிவிட்டது.

"ஞாயித்துக்கெழம பொழுது சாயறதுக்குள்ள," என்றார் அப்பா. "தண்ணி நிக்கலன்னா திங்கக்கெழம காலையில ஏரி."

சரி என்றேன். கோட்டுக்குக் கீழே இறங்கும்வரை தண்ணீரைக் குழாய் போட்டு ஒரு தவலையில் இறக்கினேன். ஸ்கேல் வைத்து விரிசலை அளந்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போய், முதல் பீரியடுக்குத் தாமதமாக நுழைந்து, தலைமையாசிரியையிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். அன்று எடுத்த பாடத்தில் ஒரு வரிகூட நினைவில்லை. மதியம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து மீன் தொட்டி ரிப்பேர் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன்.

வழி எளிமையானதுதான். சில்லு மட்டும் பெயர்ந்திருந்தால் சிலிக்கான் வைத்து அடைத்துவிடலாம். கோடு விட்டிருந்தால் அந்த இடத்தின்மேல் இன்னொரு கண்ணாடித் துண்டை ஒட்ட வேண்டும், கிழிந்த பாவாடைக்கு ஒட்டுத் துணி தைக்கிற மாதிரி. ஒட்டு உள்பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீரே அதைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

சாயங்காலம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சாமி படத்துக்கு ஃபிரேம் அடித்துக்கொண்டிருந்தார். வாயில் இரண்டு ஆணி. ஆணியை எடுக்காமலேயே இன்னா வேணும் என்று கேட்டார். சொன்னேன். ஆணியை எடுத்தார்.

"கண்ணாடி விரிசல் உட்டா உட்டதுதாம்மா. அத ஒட்டிக்கினு இருக்கறதுக்குப் புதுசா ஒண்ணு வாங்கிக்கினு போ. பேஜாரு வேல."

புதிது வந்தால் வீட்டுக்குள் வராது என்பதை அவரிடம் எப்படி விளக்குவது? பழையது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, அதுதான் அதன் ஒரே தகுதி. ஆறு அங்குலத்துக்கு நாலு அங்குலம், ஐந்து எம்எம் கண்ணாடி, ஓரம் தேய்த்துக் கொடுங்கள் என்றேன். முனகிக்கொண்டே வெட்டினார். கட்டரால் ஒரு கோடு, ஒரு தட்டு, துண்டு கையோடு வந்தது. பிறகு சிலிக்கான் டியூப் ஒன்றை எடுத்து வைத்தார். நான் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தேன்.

"இன்னாம்மா, மருந்து சீட்டா அது? படிச்சிக்கினே இருக்கற."

பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து கலந்தது என்று பொடி எழுத்தில் இருந்தது. பாத்ரூமுக்கு நல்லது, மீனுக்கு விஷம். வேறு கொடுங்கள் என்றேன். எல்லாம் ஒன்றுதான், உள்ளே இருப்பது ஒரே பசைதான் என்றார். ஒன்றில்லை என்று டியூப்பை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவர் அதைப் படிக்கவில்லை, என்னையே பார்த்தார். கடைசியில் பரணில் கைவிட்டுத் தூசி தட்டி ஒரு டியூப்பை எடுத்தார். எதுவும் கலக்காத வெறும் சிலிக்கான். அதையும் முழுதாகப் படித்துவிட்டுத்தான் வாங்கினேன். படியிறங்கும்போதுதான் தெரிந்தது, நான் என் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தேன்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. கண்ணாடித் துண்டை நியூஸ் பேப்பரில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் டிரைவர் போட்ட பிரேக்கில் மொத்த பஸ்ஸும் முன்னால் சாய்ந்தது. நான் கம்பியை விட்டு இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டியம்மாவின் கூடைமேல் உட்கார்ந்துவிட்டேன். கூடைக்குள் இருந்தது நல்லவேளையாகத் துணிதான். கைக்குழந்தையா என்று கண்டக்டர் கேட்டார். ஆமாம் என்றேன். கூட்டேரிப்பட்டில் இடம் கிடைத்தது. மயிலத்துக்குப் போகிற கூட்டம் இறங்கிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை பள்ளி விடுமுறை. காலையிலேயே ஆரம்பித்தேன். மீன்களை வைக்கச் சமையலறையில் இருந்த அண்டாவைக் கேட்டேன். "ஏன்டி, நாளைக்கு அதுல நான் பொங்கல் வெக்கறதா வேணாமா?" என்றாள் அம்மா. துணி துவைக்கிற நீல பிளாஸ்டிக் பக்கெட் கிடைத்தது. சோப்பு வாசனை போகும்வரை பன்னிரண்டு முறை கழுவினேன். தவலையில் எடுத்துவைத்திருந்த தொட்டித் தண்ணீரையே அதில் ஊற்றி, வலையால் ஒவ்வொன்றாகப் பிடித்துவிட்டேன். நாற்பத்தொன்று. காற்றுக் குழாயையும் உள்ளே போட்டேன்.

தொட்டியை வெயிலில் வைத்துக் காயவிட்டேன். விரிசலைச் சுற்றி உள்பக்கம் பிளேடால் சுரண்டி, நகப்பூச்சு அழிக்கிற தண்ணீரைப் பஞ்சில் தொட்டு, சர்க் சர்க் என்று சத்தம் வரும்வரை துடைத்தேன். பிறகு சிலிக்கான். ஒட்டுக் கண்ணாடி முழுக்க, வெண்ணெய் தடவுவதுபோல தடவி, ஒரு பக்கத்திலிருந்து மெதுவாகச் சாய்த்து அழுத்தினேன். காற்றுக் குமிழ்கள் ஓரமாக ஓடி வெளியேறின. ஒரே ஒரு குமிழ் மட்டும் நடுவில் மாட்டிக்கொண்டது. அதை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன், வரவில்லை. போகட்டும் என்று விட்டேன்.

வீடு முழுக்கப் புளித்த நெடி. கெட்டுப்போன ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி இருக்கிறதே என்று அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அப்பா நடையைக் கடக்கும்போது நின்றார். காடி கலந்திருக்கிறதா, புளிக்கவைத்தது வீட்டுக்குள் ஆகாதே என்று கேட்டார். காய்கிறவரை அந்த வாசனைதான் வரும், யாரும் குடிக்கப்போவதில்லை என்றேன்.

இனி நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். தெரியாமல் செய்த தப்பில்லை, அதனால்தான் சொல்ல வேண்டும். டியூப்பின் பின்பக்கத்தில் தெளிவாகப் போட்டிருந்தது: நாளொன்றுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் காயும், காற்றுப் படாத இடத்தில் இன்னும் தாமதமாகும். இரண்டு கண்ணாடிக்கு நடுவே மாட்டிக்கொண்ட பசைக்குக் காற்று எங்கிருந்து படும்? ஓரத்திலிருந்து உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும். எட்டாம் வகுப்புப் பிள்ளை இந்தக் கணக்கைத் தப்பாகப் போட்டால் முட்டைதான் போடுவேன். சுற்றிலும் ஒரு விரற்கடை இறுகவே ஒரு வாரமாவது ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பொழுது சாய்வதற்குள் என்று அப்பா சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் ஒரு கடிகாரம். பரீட்சை நாளானாலும், பயணத்தில் இருந்தாலும், காய்ச்சலே வந்தாலும், பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டியதை முடித்தே பழகிய உடம்பு. ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்கு வானம் மஞ்சளானதும் என் கை தானாகக் குடத்தைத் தூக்கியது. சிலிக்கானுக்குச் சூரியன் தெரியாது என்பது நினைவுக்கு வரவே இல்லை. வந்தது. ஒதுக்கிவிட்டேன்.

கீழே நியூஸ் பேப்பர் விரித்து ஊற்றினேன். கோடு வரைக்கும் ஊற்றினேன், நின்றது. கோட்டைத் தாண்டி ஊற்றினேன், நின்றது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்பா நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். கிட்டத்தட்ட விளிம்புவரை ஏறியபோது, நடுவில் மாட்டிக்கொண்டிருந்த அந்தக் குமிழ் லேசாக நீண்டது. எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு ஈரக் கோடு ஓரத்திலிருந்து விரிசலை நோக்கி நகர்ந்தது. பேப்பரில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

அப்பா எழுந்து நாற்காலியை எடுத்த இடத்திலேயே வைத்தார். அவர் பேசியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். "சொன்னேனே," என்று அம்மாதான் மெதுவாகச் சொன்னாள். சொன்னதும் அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை விடியும்போது அப்பா கிணற்றடியில் இருந்தார். நீல பக்கெட்டை எடுத்து வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். காற்றுக் குழாய் கழற்றப்பட்டிருந்தது. தண்ணீர் இறைக்கிற வேலையை முடித்துவிட்டு ஏரிக்குப் போவதாகத் திட்டம். நான் பக்கெட்டைத் தூக்கி மறுபடி நடையில் வைத்து, குழாயைச் சொருகி, ஸ்விட்சைப் போட்டேன். அது அவருக்குக் கேட்டிருக்கும். மோட்டார் சத்தம் கேட்காமல் இருக்காது. பிறகு கிணற்றடிக்குப் போனேன்.

அவர் எவர்சில்வர் பக்கெட்டின் வாயில் துணியைக் கட்டி வடிகட்டிக்கொண்டிருந்தார். முடிந்ததும் துணியை அவிழ்த்துத் திருப்பிப் பிடித்தார். வடிகட்டிய தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்து அதன்மேல் ஊற்றி, துணியில் தங்கியதைக் கிணற்றுக்குள்ளேயே விழும்படி அலசினார். பிறந்ததிலிருந்து தினமும் பார்த்த காட்சி. அதனாலேயே ஒருநாளும் பார்க்காத காட்சி.

"அந்தத் துணிய ஏம்பா கெணத்துலயே அலசறீங்க?" என்றேன்.

"தெரியாத மாதிரி கேக்கற."

"இந்தக் கெணத்தடித் திட்டுல அலசினா இன்னா? இல்லன்னா ஏரிக்குத்தானே போறீங்க, அங்க அலசலாம். பெரிய தண்ணி."

அவர் இன்னொரு சொம்பு ஊற்றினார். "அந்தந்தத் தண்ணி உசுரு அந்தந்தத் தண்ணியிலதான் பொழைக்கும். கண்ணுக்குத் தெரியாததா இருந்தாலும். வேற தண்ணியில உட்டா செத்துப்பூடும். அந்தப் பாவம் எடுத்தவனுக்கு."

சொல்லி முடித்தபோது அவர் கை நின்றது. தான் சொன்னது அவருக்கே கேட்டுவிட்டது.

"இதுங்க ஏரியப் பாத்ததே இல்லப்பா," என்றேன். "நாப்பத்தொண்ணும் அந்தத் தொட்டியிலதான் பொறந்துச்சி. அதுங்க தண்ணி அதுதான். ஏரியில உட்டா யாரோட வினை?"

அம்மா பின்வாசலில் டம்ளரோடு நின்றிருந்தாள். அப்பா துணியைப் பிழிந்தார், உதறினார், கொடியில் போட்டு இரண்டு முனையையும் சமமாக இழுத்துவிட்டார்.

"அடைச்சி வெச்சதும் வினைதான்," என்றார்.

"ஆமா. அது எம்பேர்ல இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

இந்த வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார், மூட்டைக்குள் கைவிட்டு மல்லாட்டைக் காயை எடுத்துப் பார்க்கும்போது பார்ப்பாரே, அந்த மாதிரி.

"எத்தினி நாளு ஆவும்?"

"எட்டு நாளு. பொழுது கணக்கெல்லாம் கெடையாது."

அவர் தண்ணீர் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அதற்குப் பெயர் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். அன்று மறுபடியும் பஸ்ஸை விட்டேன்.

பழைய ஒட்டைப் பெயர்த்தெடுப்பதற்குள் இரண்டு பிளேடும் ஒரு விரல் நுனியும் போயின. நடுவில் பசை இன்னும் தயிர் மாதிரிதான் இருந்தது. எல்லாவற்றையும் சுரண்டி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தமுறை ஒட்டை ஒரு பக்கமாகத் தொட்டு, விரலால் தள்ளித் தள்ளி, கடைசிக் குமிழையும் வெளியேற்றிவிட்டுத்தான் கையை எடுத்தேன். நாலு ஓரத்திலும் ஒரு வரி சிலிக்கான் இழுத்து விரலால் வழித்தேன். பிறகு எட்டு நாள் தொட்டியைத் தொடவே இல்லை. தினமும் விழுப்புரத்திலிருந்து வந்து குனிந்து மோந்து மட்டும் பார்ப்பேன். புளிப்பு வாசனை நாளுக்கு நாள் குறைந்தது. அம்மா ஒருநாள் எனக்கு முன்னாலேயே குனிந்து மோந்துகொண்டிருந்தாள். நான் வந்ததைப் பார்த்ததும் துடைப்பத்தைத் தேடுவதுபோல் நிமிர்ந்தாள்.

ஐந்தாம் நாள் காலை அப்பா நீல பக்கெட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். தண்ணீர் பக்கெட்டை வைத்துவிட்டு, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, உள்ளே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தாய் மீன் ராத்திரி குட்டி போட்டிருக்கிறது. ஏழெட்டு, கண்ணும் வாலும் மட்டுமாக, பக்கெட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. நான் அவசரமாக ஒரு கிண்ணத்தில் அவற்றைப் பிரித்தெடுத்தேன்.

"நீ சொன்ன கணக்கு சரிதான்," என்றார் அப்பா. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "ஆனா இதுங்க தொட்டியில பொறக்கலியே. பக்கெட்டுல பொறந்துச்சி. இதுங்களுக்குப் பக்கெட்டுதானே ஊரு?"

எழுந்து போய்விட்டார். சமையலறையில் அம்மா சிரித்தது கேட்டது. பஸ்ஸில் விக்கிரவாண்டி வரைக்கும் பதிலை யோசித்தேன், விழுப்புரம் வரைக்கும் யோசித்தேன், அளவையும் அலகும் பாடம் எடுத்துக்கொண்டே யோசித்தேன். வியாபாரி புத்தி. எடைக்கல்லை என் கையாலேயே வைக்கச் சொல்லிவிட்டு எதிர்த் தட்டில் கையை வைக்கிறார்.

ஒன்பதாம் நாள் செவ்வாய்க்கிழமை. பஸ் இறங்கி வீட்டுக்கு வரும்போது ஆறே முக்கால். பொழுது சாய்ந்து, எல்லாரும் சாப்பிட்டு முடித்து, பாத்திரமும் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. எனக்கும் அன்று சாப்பாடு கிடையாது, அது என் தலையெழுத்து. வேண்டுமென்றேதான் அந்த நேரத்தில் குடத்தை எடுத்தேன். ஸ்டாண்டின் கீழே பேப்பர் விரித்து, விளிம்புவரை ஊற்றினேன். அப்பா நாற்காலியைத் திருப்பிப் போடவில்லை. ஆனால் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

காலையில் பேப்பர் மொடமொடவென்று காய்ந்திருந்தது. கையால் தடவிப் பார்த்தேன். கன்னத்தை வைத்துப் பார்த்தேன். ஒட்டின் ஓரம் முழுக்க விரலை ஓட்டினேன். ஒன்றுமில்லை.

சோதனைக்கு ஊற்றிய தண்ணீரில் பாதியை வெளியே இறைத்தேன். பிறகு அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் வடிகட்டிய தண்ணீர் பக்கெட்டோடு நடையில் நின்றார். கிண்ணத்தில் இருந்த குட்டிகளை மறுபடி நீல பக்கெட்டிலேயே விட்டேன். பக்கெட்டைத் தூக்கி, வலை எதுவும் இல்லாமல், தண்ணீரும் மீனும் குட்டியுமாக, மெதுவாகச் சாய்த்து, முழுதையும் தொட்டிக்குள் ஊற்றினேன். நாற்பத்தொன்றும் ஏழெட்டும் ஒரே ஓட்டமாகக் கலந்தன.

"அதுங்க ஊரையும் சேத்து உள்ள வெச்சிட்டேன்," என்றேன்.

அப்பா தன் பக்கெட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, தொட்டியைவிட்டு ஒரு அடி தள்ளி நடந்து சமையலறைக்குப் போனார்.

அந்த ஒட்டு பார்ப்பதற்கு அழகாக இல்லை. ஆறுக்கு நாலு, சற்றுக் கோணல், ஓரத்தில் என் விரல் வழித்த தடம் அப்படியே இருக்கிறது. அதற்குப் பின்னால் நீந்திப் போகிற மீன் ஒரு கணம் இரண்டாகத் தெரிந்து மறுபடி ஒன்றாகிறது. போன வாரம் செஞ்சியிலிருந்து அத்தை வருவதாகப் போன் வந்தது. தொட்டியைத் திருப்பி வைத்துவிடலாமே, ஒட்டுப் போட்ட பக்கம் சுவரைப் பார்க்கட்டும், வருகிறவர்கள் ஏதாவது சொல்வார்கள் என்றார் அப்பா. அம்மாவும் ஒரு முனையைப் பிடிக்கத் தயாராக வந்து நின்றாள்.

நான் ஒரு துணியை எடுத்து ஒட்டின் மேலிருந்த கை ரேகைகளைத் துடைத்தேன். நன்றாகப் பளபளவென்று துடைத்தேன். சொல்லட்டும் என்றேன். தொட்டி இருந்தபடியே இருக்கிறது.